அடுக்குமாடிப் பராமரிப்புத் தொகை: யார் ஏற்றலாம், எவ்வளவு ஏற்றலாம்?

வாசகர் கேள்வி – பதில்

புதிய கணக்காண்டு தொடங்கியதும் அடுக்குமாடிச் சங்கங்கள் மெயின்டனன்ஸ் தொகையை ஏற்றியது பற்றி வடசென்னை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்குள் நடக்கும் வழக்கு என்பதால், பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

கேள்வி: ஐயா, எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக வீட்டுக்கு மாதம் 1,500 ரூபாய் கட்டி வந்தோம். மார்ச் மாதக் கடைசியில், "ஏப்ரல் முதல் 2,500 ரூபாய்" என்று செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நிர்வாகக் குழுவினர் ஐந்து பேர் கூடி முடிவெடுத்தார்களாம். விவரம் கேட்டதற்கு லிஃப்ட் அருகில் ஒரு தாளை ஒட்டினார்கள்: காவலாளிகள் இருவருக்கு 26,000, துப்புரவுக்கு 6,000, பொது மின்சாரம் 7,000, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 4,000. இந்த உயர்வு செல்லுமா? பழைய தொகையை மட்டும் கட்டினால் நாங்கள் பாக்கிதாரர் ஆகிவிடுவோமா?

பதில்: முதலில் உங்கள் சங்கத்தின் துணை விதிகளை (பை-லா) வாங்கிப் படியுங்கள். பதிவின்போது கையெழுத்துப் போட்டதோடு சரி, அந்தத் தாள்களை மறுபடி புரட்டிய வீட்டுக்காரர்களைக் காண்பது அரிது. பராமரிப்புத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் பொதுக்குழுவுக்கா, நிர்வாகக் குழுவுக்கா என்பது அதில்தான் எழுதியிருக்கும். பொதுக்குழுவுக்கு என்று இருந்தால், ஐவர் கூடி எடுத்த முடிவு வெறும் பரிந்துரையாகவே நிற்கும். பொதுக்குழுவைக் கூட்டி, நிகழ்ச்சி நிரலில் இதைத் தனிப் பொருளாக வைத்து, தீர்மானம் நிறைவேற்றினால்தான் அது உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும். நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் தரப்பட்டிருந்தால், கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் அந்தத் தீர்மானம் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு. சில சங்கங்கள் "மாதம் 1,500 ரூபாய்" என்று தொகையையே துணை விதியில் எழுதிவைத்திருக்கும். அப்படியானால் தொகையை மாற்றுவது துணை விதியைத் திருத்துவதாகும். அதற்கு 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, முன்னறிவிப்போடு கூட்டிய பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கு வாக்குகளோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப் செய்தி, துணை விதியில் அப்படி ஏற்பாடு இருந்தாலொழிய, கூட்ட அறிவிப்பு ஆகாது.

இனி அந்தத் தாளுக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நான்கு செலவுகளையும் கூட்டினால் 43,000 ரூபாய். பழைய தொகையில் 24 வீடுகள் தரும் வருமானம் 36,000. ஆக மாதம் 7,000 ரூபாய் துண்டு விழுகிறது; எங்கிருந்தோ அதை ஈடுகட்டி வந்திருக்கிறார்கள், அநேகமாகக் கார்பஸ் நிதி எனப்படும் சங்கத்தின் இருப்பு நிதியிலிருந்து. ஆகவே தொகையை ஏற்ற வேண்டும் என்பதில் செயலாளர் சொல்வது நியாயம். ஆனால் அந்தத் துண்டை அடைக்க வீட்டுக்கு 300 ரூபாய் கூட்டி 1,800 ஆக்கினால் போதும். 2,500 என்று வைத்தால் மாத வருமானம் 60,000 ஆகிறது. கையில் மீதம் நிற்பது மாதம் 17,000, ஆண்டுக்கு இரண்டு லட்சத்து நான்காயிரம். இது எதற்கு என்று தாள் சொல்லவில்லை.

தவறான நோக்கம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தாளில் தண்ணீருக்கு ஒரு பைசாகூடக் காட்டவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கோடையில் லாரித் தண்ணீர் வாங்காத குடியிருப்பு உங்கள் பகுதியில் அரிது. சம்ப் கழுவுவது, மோட்டார் காயில் கட்டுவது, கழிவுநீர்க் குழாய் அடைப்பு, ஆண்டுத் தணிக்கைக் கட்டணம் என்று எதுவும் அதில் இல்லை. இவற்றையெல்லாம் மனதில் வைத்துத்தான் ஒருவேளை 2,500 என்று முடிவு செய்திருப்பார்கள். மனதில் வைத்திருப்பதைக் காகிதத்தில் வைக்காததுதான் அவர்கள் செய்த பிழை. மாதாந்தரச் செலவு ஒரு தலைப்பிலும், பெரிய பழுதுக்கான சேமிப்பு நிதி இன்னொரு தலைப்பிலும், கோடைத் தண்ணீர் மூன்றாவது தலைப்பிலும் பிரித்துக் காட்டப்பட வேண்டும். சேமிப்பு நிதி தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். 2,500-ஐ 1,800 என்றும் 700 என்றும் பிரித்துச் சொல்லியிருந்தாலே உங்கள் 24 வீட்டாரில் பாதிப் பேர் எதிர்த்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும், வங்கி இருப்பையும், தீர்மானத்தின் நகலையும் கேட்டு எழுத்துமூலம் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால், துணை விதிப்படி போதிய உறுப்பினர்கள் கையெழுத்திட்டு அசாதாரணப் பொதுக்குழுவைக் கூட்டக் கோருங்கள். அதற்கும் அசையாவிட்டால், சட்டத்தின் 36-ஆம் பிரிவின் கீழ், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள், உங்கள் கணக்கில் எட்டுப் பேர், வடசென்னை மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுத்தால் அவர் விசாரணை நடத்தலாம். ஆனால் பதிவாளர் சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை ஆகியவற்றை விசாரிப்பாரே தவிர, 2,500 கூடுதலா 2,200 சரியா என்று பேரம் பேச மாட்டார்.

அதுவரை பழைய 1,500 ரூபாயை ஒரு மாதமும் தவறாமல் வங்கிவழி செலுத்தி, "தீர்மானம் முறைப்படி நிறைவேறும்வரை பழைய தொகை" என்று கடிதம் கொடுத்துவிடுங்கள். பிறகு உயர்வு செல்லும் என்று முடிவானால் வித்தியாசத்தைக் கட்ட நேரிடலாம். மொத்தமாகக் கட்டாமல் நிறுத்தினால் மட்டும் உங்கள் பக்க நியாயம் முழுவதும் கரைந்துவிடும்.

வாசகி, மாதவரம்

கேள்வி: நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். மெயின்டனன்ஸ் 800 ரூபாய் ஏறியதை எங்கள் தலையில் கட்டுகிறார் வீட்டுக்காரர். சங்கக் கூட்டத்தில் நாங்கள் கேள்வி கேட்கலாமா?

பதில்: உங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். "மெயின்டனன்ஸ் தனி" என்று தொகை குறிப்பிடாமல் எழுதியிருந்தால் உயர்வு உங்களைச் சேரும். தொகை குறிப்பிட்டிருந்தால் ஒப்பந்தக் காலம் முடியும்வரை கூடுதலை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். வாக்குரிமை உரிமையாளருக்கே. உங்களுக்கு அவர் எழுத்துமூலம் அதிகாரம் தந்து, துணை விதியும் பதிலி வாக்கை அனுமதித்தால் நீங்கள் கலந்துகொள்ளலாம். சங்கத்தைப் பொறுத்தவரை பாக்கி நின்றால் பொறுப்பாளி வீட்டின் உரிமையாளர்தான்.

வாசகர், பெரம்பூர்

கேள்வி: எங்கள் வீடு 650 சதுர அடி, ஒரு படுக்கையறை, தரைத்தளம். மேலே 1,300 சதுர அடி வீடுகள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே தொகை, 2,000 ரூபாய். நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று மாற்றச் சொன்னால் பெரிய வீட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து தடுக்கிறார்கள்.

பதில்: இதில் உங்களுக்குப் பாதி வெற்றி, பாதி தோல்வி.

வெற்றி என்ன என்றால், அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் போக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டத்திலேயே, பொதுச் செலவுகளை உரிமையாளர்கள் பொதுப் பகுதிகளில் தமக்குள்ள பிரிக்கப்படாத பங்கின் விகிதத்தில் ஏற்க வேண்டும் என்ற கருத்து இருந்தது. அதன் இடத்தில் 2022-ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் கிரையப் பத்திரத்தில் நிலத்தின் பிரிக்கப்படாத பங்கு, பேச்சுவழக்கில் யு.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். அந்த விகிதம்தான் அளவுகோல். ஒரு சிறிய வீடும் ஒரு பெரிய வீடும் சேர்ந்து இன்று 4,000 ரூபாய் தருகின்றன என்றால், ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் அது 1,333 என்றும் 2,667 என்றும் பிரியும். ஆனால் வெறும் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மட்டும் பதிவாகி, துணை விதியிலும் "வீட்டுக்குச் சமம்" என்று எழுதிவைத்திருக்கும் சங்கத்தில், அந்த விதியைத் திருத்தாமல் தொகையை மாற்ற முடியாது. அதற்குப் பெரிய வீட்டுக்காரர்களின் வாக்கும் வேண்டும்.

தோல்வி லிஃப்ட் விஷயத்தில். பொது வசதி ஒன்றைப் பயன்படுத்துவதில்லை என்பதால் அதன் செலவிலிருந்து ஒருவர் விலகிக்கொள்ள முடியாது. லிஃப்டை நான் தொடுவதில்லை என்று தரைத்தளத்தார் சொன்னால், சம்ப் மோட்டார் சத்தம் எனக்குக் கேட்பதே இல்லை என்று மூன்றாம் தளத்தார் சொல்வார். மொட்டைமாடி ஒழுகும்போதுதான் இந்த வாதத்தின் மறுபக்கம் தெரியும்: மேல்தளத்தார் அதைப் பொதுச் செலவு என்பார், கீழே இருப்பவர் அது அவர் தலைக்கு மேல் இருக்கும் கூரை என்பார். யாருக்கும் தனியாக விற்கப்படாத மொட்டைமாடி பொதுப் பகுதி. அதன் பழுது எல்லோரையும் சேர்ந்தது.

நடைமுறையில் சுமுகமாகத் தீர்ந்த இடங்களில் ஒரு கலப்பு முறையைத்தான் கைக்கொண்டிருக்கிறார்கள். காவலாளி, துப்புரவு, பொது விளக்கு, லிஃப்ட் ஆகியவற்றை வீட்டுக்குச் சமமாகவும், வண்ணம் பூசுதல், கட்டடப் பழுது, சேமிப்பு நிதி ஆகியவற்றைப் பரப்பளவுப்படியும் வசூலிப்பது அந்த முறை. முழு விகிதமும் கேட்டுத் தோற்பதைவிட இதைக் கேட்டால் உங்களுக்கு வாக்குக் கிடைக்கும்.

வாசகர், திருவொற்றியூர்

கேள்வி: கடற்கரைக்கு அருகே 1990-களின் இறுதியில் கட்டப்பட்ட 20 வீடுகள் கொண்ட குடியிருப்பு. கார் நிறுத்தும் இடத்தில் தூண்களின் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. பொறியாளர் ஒருவர் முழுப் பழுதுக்கு 24 லட்சம் ரூபாய் மதிப்பீடு தந்திருக்கிறார். வீட்டுக்கு 1,20,000 ரூபாய். நான் செயலாளர். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் முடியாது என்கிறார்கள். "மேலே பூச்சுப் பூசி வண்ணம் அடித்தால் போதும்" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "இடித்துப் புதிதாகக் கட்ட பில்டர் வருவார், அதுவரை பொறு" என்று இன்னொரு தரப்பு சொல்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இந்த இதழில் மிக அவசரமானதாக நினைக்கிறேன்.

கம்பி வெளியே தெரிவது அழகுப் பிரச்சினை அன்று. கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் காரை பிளந்து விழுகிறது. மீஞ்சூர், எண்ணூர் கடலோரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அத்தகைய ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு கலவை போட்டு, நீராற்றிய கட்டடங்களில் உப்பு பிறவியிலேயே உள்ளே இருக்கும். துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, அதன்பிறகே காரையை மீட்டெடுக்க வேண்டும். துருவின் மேலேயே சிமெண்டு பூசினால் உள்ளே அரிப்பு தொடரும். ஓரிரு மழைக்காலத்தில் பூசியது தானாக உதிரும், செலவழித்த பணமும் அதோடு போகும்.

உங்கள் ஊரிலேயே 2021 டிசம்பர் 27 அன்று வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால்தான் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு ஜூன் 24 அன்று அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில், 1981-இல் கட்டப்பட்ட 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின் சரிந்து 98 பேர் இறந்தார்கள். அங்கே நடந்தவற்றைப் படித்தால் உங்கள் கூட்டத்தின் குறிப்பேட்டைப் படிப்பதுபோல் இருக்கும். 2018-லேயே பொறியாளர் அறிக்கை, நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு கெட்டு அடியிலுள்ள கான்கிரீட் சேதமாகிவருவதைச் சொல்லியிருந்தது. அடுத்த ஆண்டு, சண்டை முற்றி, ஏழு பேர் கொண்ட சங்க நிர்வாகக் குழுவில் ஐவர் விலகினார்கள். கடைசியில் சுமார் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புதல் கிடைத்து, வீட்டுக்கு ஏறத்தாழ 80,000 டாலரில் தொடங்கும் பங்கை ஜூலை 1 முதல் கட்ட வேண்டியிருந்தது. கட்டடம் அதற்கு ஒரு வாரம் முன்பு விழுந்தது. வடிவமைப்பிலேயே குறைகள் இருந்ததாக விசாரணை சொல்கிறது என்பதால், பணம் தரத் தாமதித்ததுதான் காரணம் என்று எளிதாக முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. ஆனால் ஃபுளோரிடா அரசு அதன்பின் 2022-இல் சட்டத்தை மாற்றி, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளின் சங்கங்கள் கட்டமைப்புப் பழுதுக்கான சேமிப்பை ஆய்வு செய்து நிர்ணயிப்பதைக் கட்டாயமாக்கியது; உறுப்பினர்கள் வாக்களித்து அந்தச் சேமிப்பைத் தள்ளுபடி செய்துகொள்ளும் பழைய வழக்கத்தையும் நிறுத்தியது. நம் ஊரில் அப்படிக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை என்பதால், உங்களைப் போன்ற செயலாளர்களே அந்தச் சுமையைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் 20 வீட்டாரும் தொடக்கம் முதலே மாதம் 500 ரூபாய் தனியே ஒதுக்கியிருந்தால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சேர்ந்திருக்கும். 20 ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, இன்று கேட்கும் 24 லட்சம் கையில் இருந்திருக்கும். இதைக் கூட்டத்தில் சொல்லுங்கள், குற்றம் சாட்டும் தொனியில் வேண்டாம். மெயின்டனன்ஸை ஏற்றாமல் வைத்திருந்த பழைய நிர்வாகிகளை எல்லோரும் நல்லவர்கள் என்று புகழ்ந்திருப்பார்கள். அந்த நற்பெயரின் விலையைத்தான் இன்று நீங்கள் வசூலிக்கிறீர்கள்.

செய்ய வேண்டியதைப் படிப்படியாக வையுங்கள். இப்போது கிடைத்த மதிப்பீட்டை மட்டும் நம்பாமல், பழுது வேலையை எடுக்காத வேறொரு கட்டமைப்புப் பொறியாளரிடம் தூண்களைச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். எது உடனே, எது ஓராண்டில், எது பிறகு என்று அவரே பிரித்துத் தரட்டும். தூண்களும் சம்பின் கூரையும் முதலில் வரும், வண்ணம் கடைசியில். அப்போது முதல் தவணை ஒரு லட்சத்து இருபதாயிரமாக இருக்காது. மொத்தத்தையும் 24 மாதத் தவணையாக மாதம் 5,000 என்று வைப்பதும், ஓய்வூதியக்காரர்களுக்கு அதை 40 மாதம் 3,000 என்று நீட்டிப்பதும் பொதுக்குழு தீர்மானித்துக்கொள்ளக்கூடியவை. மூன்று ஒப்பந்ததாரர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, அவற்றைக் கூட்டத்தில் பிரித்துக் காட்டுங்கள்.

பில்டருக்காகக் காத்திருக்கும் தரப்புக்கு ஒரு வார்த்தை. 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் ஒப்புதல் போதும். உங்கள் 20 பேரில் 14 பேர். அந்த 14 கையெழுத்தும் ஒப்பந்தமும் கையில் இருந்தால் பெரிய பழுதை ஒத்திவைத்து முட்டு மட்டும் கொடுக்கலாம். கையெழுத்தும் இல்லை, பில்டரும் இல்லை என்றால், அது காத்திருப்பு ஆகாது.

வாசகி, கொடுங்கையூர்

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மகள், அங்கே சங்க நிர்வாகக் குழு ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் தொகையை ஏற்ற முடியாது என்கிறாள். இங்கே அப்படி உண்டா?

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. கலிஃபோர்னியாவில் வழக்கமான தொகையை முந்தைய ஆண்டைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றவோ, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் 5 சதவீதத்துக்கு மேல் சிறப்பு வசூல் செய்யவோ உறுப்பினர்களின் ஒப்புதல் வேண்டும். அவசர நிலைக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் இப்படி ஓர் உச்சவரம்பை வைக்கவில்லை. ஆனால் உங்கள் துணை விதியில் அதை எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. "பத்து சதவீதம்வரை நிர்வாகக் குழு, அதற்கு மேல் பொதுக்குழு" என்று ஒரு வரி சேர்த்தால், ஆறு ஆண்டுகள் தூங்கிவிட்டு ஏழாம் ஆண்டில் ஒரேயடியாக ஏற்றும் வழக்கமும் குறையும்.

வாசகர், பெரம்பூர்

கேள்வி: பெரிய வளாகம். மாதம் 7,400 ரூபாயிலிருந்து 8,100 ஆக்கினார்கள். அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு கேட்கிறார்கள்.

பதில்: சங்கத்தின் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டி, உறுப்பினரின் மாதத் தொகையும் 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீத வரி வரும். 2019-ஆம் ஆண்டு அரசுச் சுற்றறிக்கைப்படி முழு 8,100-க்கும் வரி, அதாவது 1,458 ரூபாய். சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-இல் அளித்த தீர்ப்பின்படி 7,500-க்கு மேற்பட்ட 600 ரூபாய்க்கு மட்டும் வரி, அதாவது 108 ரூபாய். எந்த அடிப்படையில் வசூலிக்கிறார்கள் என்று ஆடிட்டரின் கடிதத்தைக் கேளுங்கள். உயர்வை 100 ரூபாயோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது என்பதையும் கூட்டத்தில் நினைவூட்டுங்கள்.

வாசகர், ராயபுரம்

கேள்வி: நான் பொருளாளர். உயர்த்திய தொகையை மூன்று வீடுகள் ஓராண்டாகத் தரவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் இணைப்பை நிறுத்தலாம் என்று குழுவில் முடிவெடுத்திருக்கிறோம்.

பதில்: நிறுத்தாதீர்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. அவர்கள் நீதிமன்றத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போனால் அன்று முதல் நீங்கள்தான் குற்றம் சாட்டப்பட்டவர். அறிவிப்புப் பலகையில் "பாக்கிதாரர்கள்" என்று பெயர் எழுதுவதும் வேண்டாம். சினம்தான் வளரும், பணம் வராது.

உங்களுக்கு வேறு பலம் இருக்கிறது. தீர்மான நகலோடும், மாதவாரிக் கணக்கோடும் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். துணை விதியில் இருந்தால் தாமத வட்டி சேருங்கள். பிறகு சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், கட்டணம் இல்லாமல் இரு தரப்பையும் அழைத்துப் பேசவைப்பார்கள்; அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்ற ஆணைக்குச் சமம். அதிலும் தீராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் வசூல் வழக்கு. காலவரம்புச் சட்டப்படி மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதால், "வீட்டை விற்கும்போது பிடித்துக்கொள்வோம்" என்று ஐந்தாறு ஆண்டுகள் விட்டுவிடாதீர்கள். விற்பனையின்போது வாங்குகிறவரும், கடன் தரும் வங்கியும் சங்கத்தின் பாக்கியின்மைச் சான்று கேட்பது வழக்கம் என்பது உண்மைதான். அதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், முழுமையாக நம்பிவிடக் கூடாது.

இன்னொன்று. அந்த மூன்று வீட்டாரும் ஏன் தரவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. கணக்குக் கேட்டுக் கிடைக்காததால் நிறுத்தியிருந்தால், வழக்குப் போடும் முன் கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.

வாசகி, கொருக்குப்பேட்டை

கேள்வி: எட்டு வீடுகள், இரண்டு மாடி, லிஃப்ட் இல்லை. பொது மின்கட்டணம் ஏறியதால்தான் மெயின்டனன்ஸை ஏற்றுகிறோம் என்கிறார்கள்.

பதில்: பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிகளுக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளின் பொது மின் இணைப்புக்கு, 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு யூனிட் 8.15 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் கட்டணத்தைக் குறைத்து அறிவித்தது. உங்கள் குடியிருப்பு அந்த மூன்று நிபந்தனைகளுக்கும் பொருந்துகிறது. பொது இணைப்பின் ரசீதை வாங்கி, எந்தக் கட்டண வகையில் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய வகையிலேயே போய்க்கொண்டிருந்தால் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து மாற்றலாம். ஏற்ற வேண்டிய தொகையே குறையக்கூடும்.

வாசகர், வியாசர்பாடி

கேள்வி: நாங்கள் வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். சங்கம் அமைத்து மாதாமாதம் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் வாரியம் கைகழுவிவிடுமோ என்று பயம்.

பதில்: பழைய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய காலத்தையொட்டி வந்த "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டம் இது. குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையான தொகையை அரசும் தருவது அதன் ஏற்பாடு. ஆகவே நீங்கள் தரும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் இன்னொரு நூறு ரூபாய் வந்ததா என்று கேட்பது உங்கள் உரிமை. பொது விளக்கு, துப்புரவு, சிறு பழுது போன்றவை சங்கத்தின் பொறுப்பாகலாம். கட்டடத்தின் உறுதி சார்ந்த பெரிய பழுதுகளை உங்கள் வசூலில் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். சங்கத்துக்கு வங்கிக் கணக்கு இருக்கட்டும், காசோலையில் இருவர் கையெழுத்து இருக்கட்டும், பொருளாளர்களில் குறைந்தது ஒருவர் அந்தந்தப் பிளாக்கில் வசிக்கும் பெண்ணாக இருக்கட்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் உங்கள் குடியிருப்பிலும் இருப்பார்கள். ரசீதுப் புத்தகத்தை அவர்களிடம் கொடுங்கள்.